வெளிநாட்டுப் பயணத்தில் கைத்தொலைபேசி டேட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள் என்று ஆளாளுக்கு என்னிடம் கேட்பது இதைத்தான்: ஊருக்குப் போகிறோம், டேட்டாவுக்கு என்ன செய்யலாம்? நான் எந்த டெல்கோவிலும் (தொலைத்தொடர்பு நிறுவனத்திலும்) வேலை செய்யவில்லை. அம்மா திருச்சி போய் வந்த பிறகு வந்த ஒரு பில்லைப் பார்த்துவிட்டுத்தான் இதை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் அவற்றைப் போடவில்லை.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூர் சிம் போனிலேயே இருக்கட்டும், அதில் டேட்டா ரோமிங்கை, அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கில் டேட்டா எடுப்பதை மட்டும் அணைத்துவிடுங்கள். டேட்டாவை இன்னொரு சிம்மிலோ இ-சிம்மிலோ (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம்) எடுங்கள். எண் ஒரு வழி, டேட்டா ஒரு வழி. உங்கள் திட்டத்திலேயே அந்த நாட்டுக்கு ரோமிங் டேட்டா இருந்தால் இந்த வேலையும் தேவையில்லை, அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

சிங்கப்பூர் சிம்மைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டால் பில் வரவே வராதே?

பில் வராது, வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணான ஓடிபியும் வராது. என் சித்தி இதைத்தான் செய்தார். சாங்கி விமான நிலையத்திலேயே சிம்மைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, கைப்பையில் இருந்த குங்குமச் சிமிழுக்குள் போட்டுக்கொண்டார். கும்பகோணத்தில் இருந்தபடியே திரும்பிவரும் விமானச் சீட்டின் தேதியை மாற்ற வேண்டி வந்தது. இணையத்தில் கார்டு போட்டால் வங்கி குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது, அதை வாங்க சிம் போனில் இல்லை. சிமிழைத் திறந்து, குங்குமம் அப்பிய சிம்மைத் துடைத்துப் போட்டு, சிக்னல் வருவதற்குள் அந்த ஓடிபிக்கு நேரம் முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்கு சிங்கப்பூர் டெல்கோக்கள் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. காசு போவது டேட்டாவுக்கும், நாம் அனுப்பும் குறுஞ்செய்திக்கும், அழைப்புக்கும்தான். அழைப்பில் நாம் எடுத்துப் பேசினாலும் நிமிடக் கணக்கில் போகும், அதனால் தெரியாத எண் என்றால் எடுக்காமல் விடுவதே நல்லது. வாய்ஸ்மெயில் வைத்திருந்தால் கிளம்பும் முன் நிறுத்திவிடுங்கள். நீங்கள் எடுக்காத அழைப்பு வெளிநாட்டுக்கு வந்து, அங்கிருந்து சிங்கப்பூர் வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பிப் போகும்போது இரண்டு வழிக்கும் கட்டணம் விழ வாய்ப்பிருக்கிறது.

அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் செயலிக்கும், ஓடிபிக்குப் பதிலாக வங்கிச் செயலியிலேயே உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கனுக்கும் இணையம் இருந்தால் போதும், எந்த சிம் வழியாக வருகிறது என்பது முக்கியமில்லை. டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு உள்நுழையும்போது வரும் குறுஞ்செய்தி ஓடிபியைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலையில் அறிவித்தன. ஆகவே டோக்கனைச் சிங்கப்பூரிலேயே பதிந்துகொண்டு கிளம்புங்கள். போன நாட்டில் புதுப் போன் வாங்கி அதில் டோக்கனை மாற்றலாம் என்ற யோசனை வந்தால், தயவுசெய்து வீடு திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

ரோமிங் பேக், இ-சிம், அந்த ஊர் சிம், மூன்றில் எது மலிவு?

போகும் நாட்டையும் நாளையும் பொறுத்தது. ஆனால் எதையும் வாங்கும் முன் உங்கள் டெல்கோ செயலியைத் திறந்து உங்கள் திட்டத்தையே ஒருமுறை பாருங்கள். இப்போது சிங்கப்பூரில் சிம் மட்டும் தரும் திட்டங்கள் பலவற்றில் மலேசியா, இந்தோனேசியா போன்ற பக்கத்து நாடுகளுக்குச் சில ஜிபி ரோமிங் டேட்டா சேர்ந்தே வருகிறது, சிலவற்றில் இந்தியாவும் உண்டு. மாதாமாதம் அதற்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அது இருப்பதே தெரியாமல் தனியாக வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திட்டத்தில் இல்லையென்றால் டெல்கோ தனியாக விற்கும் ரோமிங் பேக் வாங்கலாம். ஒரே சிம், ஒரே எண், எதையும் மாற்ற வேண்டாம், அதனால் இரண்டு மூன்று நாளுக்கும், பெரியவர்களுக்கும் அதுவே நிம்மதி. நாள் கணக்கில் விற்கும் பேக் என்றால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: "ஒரு நாள்" என்பது வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரமா, அல்லது சிங்கப்பூர் நள்ளிரவோடு முடிகிறதா? நள்ளிரவோடு முடியும் பேக்கைச் சென்னையில் இரவு 9 மணிக்கு இறங்கிப் போட்டால் 9.30க்கே முதல் நாள் போய்விடும், ஏனென்றால் அங்கே 9.30 ஆகும்போது நமக்கு இங்கே 12 மணி.

நாலு நாளிலிருந்து பத்து நாள்வரையான பயணத்துக்கு நான் சொல்வது பயண இ-சிம். பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் கிடைக்கும், அழைப்பதற்கு எண் இருக்காது. "அன்லிமிடெட்" என்று விற்பதை வாங்கும் முன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்று அங்கே இருக்கும், அந்த வேகத்தில் வரைபடம்கூடத் தடுமாறும். அளவு சொல்லி விற்கும் 5 ஜிபி, 10 ஜிபியே மேல் என்பது என் கருத்து.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே நாட்டில் தங்கப் போகிறீர்களா, அந்த ஊர் சிம்தான். அங்கே ஒரு எண்ணும் கிடைத்துவிடும்.

ஜோகூர் பாருவுக்குப் போய் மாலையே திரும்புகிறோம். அதற்கும் இவ்வளவு வேண்டுமா?

வேண்டாம். திட்டத்தில் மலேசியா இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் ஒரு நாள் பேக். ஆனால் எல்லை தாண்டாமலேயே ரோமிங்கில் மாட்டிக்கொள்ளும் கதை ஒன்று இருக்கிறது. உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்டில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோது என் மகள் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்தால் மேலே எழுதியிருந்தது மலேசிய நிறுவனத்தின் பெயர். எதிர்க்கரை கூப்பிடு தூரம், அந்தக் கோபுரத்தின் அலை இங்கே பலமாக இருந்தால் போன் அதைப் பிடித்துக்கொள்ளும், வேலி, குடிநுழைவு எல்லாம் அதற்குத் தெரியாது. கரையோரத்தில் குடியிருப்பவர்கள் டேட்டா ரோமிங்கை அணைத்தே வைத்திருங்கள். அடிக்கடி மாறுகிறது என்றால் அமைப்புகளில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, உங்கள் டெல்கோவை நீங்களே தேர்ந்தெடுத்துவிடுங்கள். அப்புறம் வெளிநாடு போகும்போது அதைத் திரும்பத் தானியங்கிக்கு மாற்ற மறக்க வேண்டாம், மறந்தால் அங்கே சிக்னலே வராது.

என் போனில் இ-சிம் வேலை செய்யுமா?

அழைக்கும் திரையில் *#06# என்று அடியுங்கள். வரும் எண்களில் இஐடி (EID) என்று ஒன்று இருந்தால் வேலை செய்யும். ஐபோனில் 2018ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு, சீனாவில் வாங்கிய ஐபோன் என்றால் பெரும்பாலும் இருக்காது. ஆண்ட்ராய்டில் ஒரே பெயருள்ள போனிலேயே ஒரு நாட்டில் விற்பதில் இருக்கும், இன்னொரு நாட்டில் விற்பதில் இருக்காது, அதனால் அடித்துப் பார்ப்பதே உறுதி.

இ-சிம்மை எப்போது போட வேண்டும்?

வீட்டில், வைஃபையில், கிளம்புவதற்கு முந்தின நாள். போன இடத்தில் போடலாம் என்று விட்டால், இ-சிம்மை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு இ-சிம் வேண்டும் என்று விமான நிலையத்தில் நிற்க வேண்டியதுதான். இந்தியா போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: உரிய அனுமதி இல்லாமல் விற்றதாகச் சொல்லி 2024 ஜனவரியில் இந்திய அரசு சில பயண இ-சிம் செயலிகளை அங்குள்ள செயலிக் கடைகளிலிருந்து நீக்கச் சொன்னது, ஆகவே அங்கே போய்த் தேடினால் கிடைக்காமல் போகலாம். செல்லுபடியாகும் நாட்கள் இறக்கியவுடன் தொடங்குமா, போன நாட்டு நெட்வொர்க்கைப் பிடித்தவுடன் தொடங்குமா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இ-சிம்மை இறக்கத் தரும் கியூஆர் குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும். பயணம் முடிவதற்குள் அந்த இ-சிம்மை அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

டேட்டா ரோமிங்கை ஆன் செய்ய வேண்டுமா, ஆஃப் செய்ய வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரி. மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், பில் ஏறுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போனில் இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரோமிங் பொத்தான் உண்டு. சிங்கப்பூர் சிம்முக்கு ஆஃப். பயண இ-சிம்முக்கு ஆன், ஏனென்றால் அந்த இ-சிம்மும் பெரும்பாலும் வேறு ஏதோ நாட்டில் பதிந்த சிம், அதற்கும் நீங்கள் போகும் நாடு வெளிநாடுதான்.

அடுத்தது, டேட்டாவுக்கு எந்த சிம் என்று கேட்கும் இடத்தில் பயண இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் அதன் கீழேயே இன்னொரு பொத்தான் இருக்கும், தேவைப்பட்டால் மற்ற சிம்மின் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்பது, அதையும் அணையுங்கள். இ-சிம்மில் சிக்னல் குறைந்தாலும் போன் சிங்கப்பூர் சிம்மைத் தொடக் கூடாது.

அம்மாவின் பில் எப்படி வந்தது என்றால், இரண்டாவது சிம் இருந்தது, பணமும் கட்டியிருந்தோம், ஆனால் டேட்டாவுக்கான சிம் என்ற இடத்தில் சிங்கப்பூர் எண்ணே இருந்தது, ரோமிங்கும் ஆன். வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் எடுத்த படங்களும் வீடியோவும் ராத்திரியெல்லாம் பேக்கப்புக்காக இணையச் சேமிப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அம்மா போனைத் தொடக்கூட இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார். மறுமாதம் வந்த பில் அவருடைய விமானச் சீட்டைவிட அதிகம். அதைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். தப்பு அவருடையது இல்லை, கிளம்பும் முன் அந்த ஒரு திரையை நான் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வரவில்லை என்றால்?

விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள், போனை அணைத்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் இ-சிம் விற்றவர் அனுப்பிய குறிப்பில் ஏபிஎன் (APN) என்று ஒரு சொல் இருக்கும், அதை அமைப்புகளில் கையால் எழுத வேண்டியிருக்கும். அந்தக் குறிப்பைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் அப்போது திறக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு மூன்று வாரம் போகிறோம். அங்கே சிம் வாங்குவது சிரமமா?

சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் பாஸ்போர்ட், விசா, ஒரு புகைப்படம், அங்கே தங்கும் முகவரி கேட்பார்கள், உள்ளூரில் தெரிந்தவர் ஒருவரின் எண்ணும் கேட்பது வழக்கம். வாங்கிய சிம்முக்கு உடனே உயிர் வராது, சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம், அதனால் முதல் நாளுக்குச் சின்னதாக ஒரு இ-சிம்மோ ஒரு நாள் ரோமிங் பேக்கோ வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமக்கள், ஆதார் வைத்திருப்பவர்கள் என்றால் வேலை சீக்கிரம் முடியும்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு, டேட்டா மட்டும் உள்ள இ-சிம் போதாதா என்று கேட்டால், தமிழ்நாட்டில் போதாது என்றுதான் சொல்வேன். டாக்சி ஓட்டுநர் செயலியில் இடம் தெரிந்தாலும் போன் செய்து "எங்க இருக்கீங்க?" என்று கேட்பார், கூரியர்காரர் அழைப்பார், மண்டபத்துச் சமையல்காரர் அழைப்பார். +65 எண்ணுக்கு அவர்கள் அழைக்கவே மாட்டார்கள். விமான நிலையத்து இலவச வைஃபைகூட ஓடிபி அனுப்ப இந்திய எண் கேட்கலாம். கல்யாண வேலையாகப் போகிறவர்களுக்கு உள்ளூர் எண் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

அங்கே ப்ரீபெய்டு திட்டங்கள் பெரும்பாலும் நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று கணக்கு. இன்றைக்கு மிச்சமானது நாளைக்குச் சேராது. வீட்டில் தம்பியோ மாமா மகனோ இருந்தால் அவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபியில் பாதிகூடத் தீராது, ஹாட்ஸ்பாட் போட்டு அவர்கள் டேட்டாவைப் பகிரச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் பெயரில் உங்களுக்கு சிம் வாங்குவது மட்டும் வேண்டாம், சட்டப்படி அந்த எண்ணுக்குப் பொறுப்பு அவர்கள்தான்.

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள், இந்தியாவில் போன் வழியே பணம் கட்டும் யுபிஐ வசதியைச் சிங்கப்பூர் எண்ணிலேயே பதிந்துகொள்ள 2023 முதல் வழி இருக்கிறது, எல்லா வங்கியும் தருவதில்லை. பதியும்போது உங்கள் எண்ணிலிருந்து இந்தியாவுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். அதை சிங்கப்பூரிலேயே முடித்துக்கொண்டால் ரோமிங் குறுஞ்செய்திக் கட்டணம் மிச்சம்.

நான் ப்ரீபெய்டு வைத்திருக்கும் வேலை அனுமதிக்காரன். இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போகிறேன்.

உங்களுக்கு டேட்டாவைவிட எண்ணைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. ப்ரீபெய்டு சிம் எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்து, திரும்பும் தேதியைத் தாண்டி வரும்படி டாப்-அப் செய்துவிட்டுக் கிளம்புங்கள். எண் போய்விட்டால் அதோடு வங்கி, சிங்பாஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், திரும்பி வந்த முதல் வாரம் முழுக்க அதற்கே சரியாகிவிடும். ரோமிங் வசதி உங்கள் சிம்மில் திறந்திருக்கிறதா என்றும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் குறுஞ்செய்தியும் அங்கே வராது.

ஒரு வாரத்துக்கு எத்தனை ஜிபி வேண்டும்?

வரைபடம், வாட்ஸ்அப், கிராப், கொஞ்சம் முகநூல் என்றால் ஒருவருக்கு 3 ஜிபி தாராளம். வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் பேசினால் 20, 30 எம்பிதான் போகும், முகம் பார்த்துப் பேசினால் அதைப்போலப் பல மடங்கு. வரைபடம் ரொம்பக் குறைவு. தின்பது எல்லாம் வீடியோதான். உயர்தர வீடியோ ஒரு மணி நேரம் பார்த்தால் 1 ஜிபிக்கு மேல், நெட்ஃபிலிக்ஸ் எச்டி 3 ஜிபிவரை எடுக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள்.

வீட்டிலேயே நான்கு காரியம் செய்யுங்கள். படங்களின் பேக்கப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள். செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் ரோமிங்கின்போது எதையும் தானாக இறக்காதபடி வையுங்கள், காலை வணக்க வீடியோக்களே ஒரு நாளில் 100 எம்பி தின்னும். போகும் ஊரின் கூகல் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், இணையம் இல்லாமலே வழி காட்டும்.

நாலு பேர் குடும்பத்துக்கு ஒரே இ-சிம் வாங்கி ஹாட்ஸ்பாட் போடலாமா?

போடலாம், ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு. ஆனால் இரண்டு பேரிடமாவது தனித்தனியாக இருக்கட்டும். பாங்காக் சாத்துச்சாக் சந்தையில் இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் ஒரு பக்கம் பிரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஹாட்ஸ்பாட் கொடுப்பவரின் பேட்டரியும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

வாட்ஸ்அப் எண் மாறிவிடுமா?

மாறாது. புது சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐபோன்காரர்களுக்கு ஒன்று: ஐமெசேஜ் தன்னைப் பதிந்துகொள்ள நமக்குத் தெரியாமலே ஒரு குறுஞ்செய்தி அனுப்பும், அதற்கும் கட்டணம் விழலாம்.

சீனா, துபாய் போகிறவர்களுக்கு?

சீனாவில் கூகல், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் தடை. அந்த ஊர் சிம், ஓட்டல் வைஃபை இரண்டிலும் திறக்காது. ரோமிங்கிலும் பெரும்பாலான பயண இ-சிம்களிலும் திறக்கும், ஏனென்றால் அந்த டேட்டா சிம் பதிந்த நாட்டுக்குப் போய் அங்கிருந்துதான் இணையத்தில் இறங்குகிறது. சில பயண இ-சிம்கள் சென்னையில் மெதுவாக இருப்பதற்கும் இதே சுற்றுவழிதான் காரணம். துபாயில் வாட்ஸ்அப் செய்தி போகும், வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேசுவதற்குத் தடை.

ஐரோப்பாவில் ரோமிங் இலவசம் என்கிறார்களே?

அது 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம்களுக்கு ஒன்றியத்துக்குள். சிங்கப்பூர் சிம்முக்கு இல்லை. பாரிஸில் சிம் வாங்கினால் ரோம்வரை செல்லும், ஆனால் சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் ஒன்றியத்தில் இல்லாததால் அந்தச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. அந்த இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

விமானத்திலும் கப்பலிலும்?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர்களுக்கு 2023 ஜூலை முதல் எல்லா வகுப்பிலும் வைஃபை இலவசம், உறுப்பினராவதற்கும் காசு இல்லை, பயணத்துக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். கப்பல் வேறு கதை. கரையை விட்டு நகர்ந்ததும் போன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடிக்கும், அதன் கட்டணம் சாதாரண ரோமிங் பேக்குகளில் அடங்காது. மரினா பேயில் கப்பல் ஏறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள், வேண்டுமானால் வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

அப்பா அம்மா இருவர் மட்டும் போகிறார்கள். அவர்களுக்கு எது சரி?

காசு கொஞ்சம் கூடினாலும் ரோமிங் பேக். சிம் மாற்ற வேண்டாம், எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், இறங்கியதும் அதே எண்ணில் பேத்தியை அழைக்கலாம். பேக் எந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் செல்லும் என்று பார்த்துவிடுங்கள், சிலவற்றில் குறிப்பிட்ட ஒன்றில் மட்டும்தான். பேக் தீர்ந்ததும் டேட்டா நின்றுவிடுமா, இல்லை சாதாரண ரோமிங் கட்டணத்தில் தொடருமா என்றும் டெல்கோவிடம் கேளுங்கள், நின்றுவிடும்படி வையுங்கள்.

அப்புறம், மோசடி அழைப்புக்குப் பயந்து வீட்டிலிருக்கும் போன்களில் வெளிநாட்டு அழைப்புகளைத் தடுத்து வைத்திருப்போம். அவர்கள் அங்கே யாருடைய +91 எண்ணிலிருந்தாவது அழைத்தால் நம் போன் அடிக்காது. அவர்கள் திரும்பும்வரை அந்தத் தடையை எடுத்துவிடுங்கள். நான் அம்மாவுக்கு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் என் எண்ணை +65 சேர்த்து எழுதி, ரோமிங் பொத்தான் இருக்கும் திரையின் படத்தையும் அச்சிட்டு, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்து அனுப்புகிறேன். போன தடவை திருச்சியில் இறங்கியதும் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே பார்த்துச் சரிசெய்துவிட்டு, பெட்டி வருவதற்குள் எனக்கு வீடியோவில் அழைத்தார்.